பிளாக் ஆபீஸ், ஹார்ட் பிளாக், போன் பிளாக்... ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? எங்கிருந்து வந்தது ‘பிளாக்’?

‘பிளாக் ஆபீஸுக்குப் போறேன்’ என்பார் ஒருவர். ‘மாமாவுக்கு ஹார்ட்ல பிளாக்காம்’ என்பார் இன்னொருவர். ‘என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்’ என்று புலம்புவார் மூன்றாமவர். ‘ரோட்டுக்கு பேவர் பிளாக் போட்டுட்டாங்க’ என்று சந்தோஷப்படுவார் நான்காமவர். விழுப்புரம் மாவட்டம் காணையில் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்த நான்கையும் கேட்டுவிடலாம். நான்கு பேரும் சொல்வது ஒரே ஆங்கிலச் சொல்தான். ஆனால் நான்கும் நான்கு விஷயம்.

இதில் சில அர்த்தங்களைக் குழப்பிக்கொண்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. வேறு சிலவற்றைக் குழப்பினால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். சில சமயம் மருத்துவத்திலேயே தவறான புரிதல் வரும். ‘பிளாக்’ எங்கே பிறந்தது, எப்படி காணை வரை வந்தது, எந்த இடத்தில் என்ன பொருள்? பார்க்கலாம்.

முதலில் அது ஒரு மரக்கட்டை

‘பிளாக்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. பழைய டச்சு மொழியில் ‘ப்ளோக்’ என்றால் மரத்தின் அடிக்கட்டை. அது பிரெஞ்சு மொழிக்குப் போய், அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதற்கு ஒரே பொருள்தான்: வெட்டிப் போட்ட, கனமான மரத்துண்டு.

கறிக்கடையில் இறைச்சி வெட்டும் கட்டை இன்றும் ஆங்கிலத்தில் பிளாக்தான். அரசர் காலத்து இங்கிலாந்தில் மரண தண்டனை பெற்றவர் தலையை வைத்த கட்டைக்கும் அதே பெயர். 1649இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டதும் அப்படியொரு கட்டையில்தான். துணியில் அச்சுப் பதிக்கும் மரக்கட்டையும் பிளாக். அதனால்தான் ‘பிளாக் பிரிண்ட்’ சேலை என்கிறோம். ஆஃப்செட் அச்சு வருவதற்கு முன்பு பத்திரிகையில் ஒரு படம் வரவேண்டுமென்றால் அதை உலோகத் தகட்டில் செதுக்கி ‘பிளாக் எடுக்க’ வேண்டும். பழைய அச்சகக்காரர்கள் வாயில் இந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

இந்த ஒரு மரக்கட்டையிலிருந்து அர்த்தங்கள் இரண்டு கிளையாகப் பிரிந்தன.

ஒன்று, வடிவம். கட்டை என்பது தனியாக எடுத்து வைக்கக்கூடிய கனமான துண்டு. அப்படித் துண்டாக, தொகுதியாக இருப்பதெல்லாம் பிளாக் ஆனது. ஹாலோ பிளாக், பேவர் பிளாக், அடுக்குமாடிக் குடியிருப்பின் ‘சி பிளாக்’ எல்லாம் இந்தக் கிளை.

இரண்டு, வேலை. கட்டையை வழியில் போட்டால் என்ன ஆகும்? வழி அடைபடும். அப்படித் தடுப்பதெல்லாம் பிளாக் ஆனது. ரோடு பிளாக், நம்பர் பிளாக், ரத்தக்குழாய் பிளாக் எல்லாம் இரண்டாவது கிளை. காலை இடறும் கட்டைக்கு ஆங்கிலத்தில் உள்ள கூட்டுச்சொல்லை 1526இல் பைபிளை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் பயன்படுத்தினார். தமிழ் பைபிளில் ‘இடறல்’ என்று வருவது இதே கருத்துதான்.

இனி எங்கே ‘பிளாக்’ என்று கேட்டாலும் ஒரே ஒரு கேள்வி போதும். இது துண்டா, தடுப்பா? பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிளாக் ஆபீஸில் இருப்பது துண்டா, தடுப்பா?

வேலை நடக்காமல் திரும்பி வந்தவரைக் கேட்டால் ‘தடுப்பு’ என்றுதான் சொல்வார். ஆனால் உண்மையில் அது ‘துண்டு’. மாவட்டத்தை வளர்ச்சிப் பணிகளுக்காகப் பிரித்த ஒரு பகுதி.

இந்தக் கதை சுதந்திரத்துக்குப் பிறகு தொடங்குகிறது. 1948இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா பகுதியில், அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் தலைமையில் கிராம வளர்ச்சிக்கான சோதனைத் திட்டம் ஒன்று நடந்தது. 1952 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று, சமுதாய வளர்ச்சித் திட்டத்தை மத்திய அரசு 55 இடங்களில் தொடங்கியது. ஒவ்வொரு திட்டப் பகுதியும் மூன்று ‘டெவலப்மெண்ட் பிளாக்’ ஆகப் பிரிக்கப்பட்டது. ஒரு பிளாக்கில் சுமார் 100 கிராமங்கள், 60 முதல் 70 ஆயிரம் மக்கள் என்பது கணக்கு. விவசாயம், சுகாதாரம், கல்வி, சாலை எல்லாவற்றுக்கும் அந்த பிளாக்கில் ஓர் அதிகாரி பொறுப்பு. அவர்தான் பி.டி.ஓ.

1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு, திட்டத்தை அதிகாரிகள் மட்டும் நடத்தினால் போதாது, மக்கள் தேர்ந்தெடுத்த அமைப்பும் வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் 1958இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. வளர்ச்சிக்காக வகுத்த பிளாக்கே தேர்தல் நடக்கும் ‘பஞ்சாயத்து யூனியன்’ ஆனது. தமிழில் ஊராட்சி ஒன்றியம். இப்போது நடைமுறையில் இருப்பது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். மாநிலத்தில் இன்று 388 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன.

இதனால்தான் ஒரே கட்டடத்தை ஒருவர் ‘பிளாக் ஆபீஸ்’ என்கிறார், இன்னொருவர் ‘யூனியன் ஆபீஸ்’ என்கிறார். பலகையில் ‘ஊராட்சி ஒன்றிய அலுவலகம்’ என்று இருக்கும். உள்ளே இருக்கும் அதிகாரியின் பெயர்ப்பலகையில் ‘வட்டார வளர்ச்சி அலுவலர்’ என்று இருக்கும். நான்கு பெயர், ஓர் இடம்.

வட்டம் வேறு, வட்டாரம் வேறு

பலரும் சறுக்கும் இடம் இதுதான். பிளாக் என்பதற்கு அரசு வைத்த தமிழ்ச்சொல் ‘வட்டாரம்’. தாலுகாவுக்கு வைத்த சொல் ‘வட்டம்’. வருவாய்த் துறையின் பிர்காவுக்கு ‘குறுவட்டம்’. காதில் விழும்போது மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். வட்டாரம் என்றால் ‘அந்தப் பக்கம்’, ‘அந்தப் பகுதி’ என்பதுதான் மக்கள் பேச்சில் பொருள். ‘வட்டார வழக்கு’ என்று சொல்வது அந்தப் பொருளில்தான். அரசாங்கக் காகிதத்தில் மட்டும் அதற்கு எல்லைக்கோடு போட்ட ஒரு தனி அர்த்தம் வந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாலுகா, பிர்கா இரண்டும் அரபு மொழியிலிருந்து ஆட்சி மொழி வழியாக வந்தவை. பிளாக்கின் பூர்வீகம் டச்சு. ஒரு விவசாயியின் கையில் இருக்கும் ஒரே மனுவில் இரண்டு கண்டங்களின் சொற்கள் இருக்க வாய்ப்புண்டு.

விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு இங்கே 9 வட்டங்கள், 13 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன.

* வட்டமும் ஒன்றியமும் ஒரே பெயரில் இருப்பவை: செஞ்சி, வானூர், மரக்காணம், மேல்மலையனூர், விக்கிரவாண்டி, திருவெண்ணெய்நல்லூர்.
* வட்டம் மட்டும் உண்டு, அந்தப் பெயரில் ஒன்றியம் இல்லை: விழுப்புரம், திண்டிவனம், கண்டாச்சிபுரம்.
* ஒன்றியம் மட்டும் உண்டு, அந்தப் பெயரில் வட்டம் இல்லை: காணை, கோலியனூர், கண்டமங்கலம், மயிலம், ஒலக்கூர், முகையூர், வல்லம்.

மாவட்டத் தலைநகரான விழுப்புரத்தின் பெயரில் ஒரு பிளாக் இல்லை. பெரிய ஊரான திண்டிவனத்தின் பெயரிலும் இல்லை. ஆனால் காணைக்கு உண்டு. காரணம் எளிது. விழுப்புரமும் திண்டிவனமும் நகராட்சிகள். ஊராட்சி ஒன்றியம் என்பது கிராம ஊராட்சிகளின் தொகுப்பு. நகராட்சி அதற்குள் வராது. எனவே நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களைத் தொகுத்தபோது, அவற்றில் ஓர் ஊரின் பெயர் ஒன்றியத்துக்கு அமைந்தது.

மறுபக்கம், காணை என்ற பெயரில் தாலுகா ஆபீஸ் கிடையாது. காணை ஒன்றியத்துக்காரர் பட்டாவுக்காக அலைய வேண்டியது தன் கிராமம் எந்த வட்டத்தில் வருகிறதோ அங்கே. ஒரே ஒன்றியத்தில் இருக்கும் பக்கத்துப் பக்கத்து கிராமங்கள் வேறு வேறு வட்டத்தில் இருக்கலாம். சட்டமன்றத் தொகுதி இன்னொரு கணக்கு. காணை ஒன்றியத்தின் பல ஊர்கள் விக்கிரவாண்டி தொகுதியில் வருகின்றன. வட்டம், வட்டாரம், தொகுதி என்று மூன்று கோடுகள். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எதற்கு எங்கே போக வேண்டும்?

பிளாக் ஆபீஸுக்கு: ஊராட்சித் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஊராட்சிச் சாலை, வீட்டு வரி தொடர்பான புகார், அரசு வீடு கட்டும் திட்டங்கள், மக்கள் ‘நூறு நாள் வேலை’ என்று சொல்லும் ஊரக வேலைத் திட்டம். இவை முதலில் கிராம ஊராட்சியில் கேட்க வேண்டியவை. அங்கே தீராவிட்டால் ஒன்றியம்.

தாலுகா ஆபீஸுக்கு: பட்டா மாறுதல், நில அளவை, சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு. இவற்றில் பலவற்றுக்கு இப்போது இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் முடிவெடுப்பது வருவாய்த் துறையும் வட்ட வழங்கல் அலுவலகமும்தான். பி.டி.ஓ.விடம் பட்டா கேட்டால் அவரால் கொடுக்க முடியாது.

பிளாக் அளவில் இருக்கும் மற்ற அலுவலகங்கள்: விதை, உரம், மானியம் சார்ந்த விஷயங்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வட்டார மருத்துவ அலுவலர். அங்கன்வாடிகளுக்கு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்.

இன்னும் இரண்டு விஷயம். தமிழ்நாட்டில் ஓர் ஒன்றியத்தில் பி.டி.ஓ. ஒருவர் அல்ல, இரண்டு பேர். ஒருவர் ‘வட்டார ஊராட்சி’, மற்றவர் ‘கிராம ஊராட்சி’. கிராம ஊராட்சி சம்பந்தமான புகார் என்றால் மனுவில் ‘வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சி’ என்று எழுதுவது நல்லது. மனு மேசை மாறி மேசை போகும் அலைச்சல் குறையும்.

அடுத்தது, பி.டி.ஓ.வும் பி.எல்.ஓ.வும் ஒன்றல்ல. வாக்காளர் பட்டியல் வேலையாக வீடு தேடி வரும் பி.எல்.ஓ. என்பவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர். அந்த ‘பி’ பிளாக்கைக் குறிப்பது அல்ல, பூத்தைக் குறிப்பது.

இதயத்தில் பிளாக்: எல்லாமே அடைப்பு இல்லை

‘ஹார்ட்ல ரெண்டு பிளாக், ஸ்டென்ட் வெச்சிருக்காங்க’. இந்தப் பேச்சில் வரும் பிளாக், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து ஏற்படும் அடைப்பு. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். ஸ்டென்ட் வைப்பதும் பைபாஸ் செய்வதும் இதற்குத்தான்.

ஆனால் மருத்துவர் காகிதத்தில் ‘ஹார்ட் பிளாக்’ என்று எழுதினால் அது வேறு நோய். இதயம் துடிப்பதற்கான மின் சமிக்ஞை மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்குப் போவதில் தாமதமோ தடையோ இருக்கிறது என்று அர்த்தம். குழாய் அடைப்பை பிளம்பிங் கோளாறு என்றால், இது வயரிங் கோளாறு. இது தெரியவருவது இ.சி.ஜி.யில். முதல் நிலையில் பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது, கண்காணித்தால் போதும். முற்றிய நிலையில் நாடித்துடிப்பு மிகவும் குறைந்து தலைசுற்றல், மயக்கம் வரலாம். அப்போது பேஸ்மேக்கர் பொருத்துவார்கள்.

எனவே ‘பிளாக் இருக்கு’ என்று ஆஸ்பத்திரியில் சொன்னால், ‘ரத்தக்குழாயிலா, இதயத் துடிப்பிலா?’ என்று தயங்காமல் கேட்க வேண்டும். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாய்வார்த்தையாக ‘பிளாக்’ என்று மட்டும் சொல்லாமல் பழைய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் போவது அவசியம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பெயர் ‘பீட்டா பிளாக்கர்’. ரத்த அழுத்தம், நெஞ்சுவலி போன்றவற்றுக்குத் தரப்படும் மாத்திரை வகை. பிளாக்கர் என்ற பெயரைப் பார்த்து இது அடைப்பை உண்டாக்குமோ என்று பயப்பட வேண்டாம். இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் ஹார்மோன்களின் வேலையைத் தடுப்பதால் அந்தப் பெயர். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. இந்த மருந்தை 1960களில் உருவாக்கியவர் பிரிட்டன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக். 1988இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். பிளாக்கரைக் கண்டுபிடித்தவர் பெயரும் பிளாக்தான். ஆனால் அவர் பெயர் கறுப்பு நிறத்தைக் குறிக்கும் பிளாக்.

பிளாக்கில் டிக்கெட்: எழுத்து ஒன்று, சொல் வேறு

தமிழில் எழுதும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். கட்டையும் பிளாக், கறுப்பும் பிளாக், இணையத்தில் எழுதும் வலைப்பூவும் பிளாக். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் எழுத்தும் உச்சரிப்பும் வேறு. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

‘பிளாக்கில் டிக்கெட் வாங்கினேன்’ என்றால் அது கறுப்பு, அதாவது கள்ளச்சந்தை. ‘டிக்கெட்டை பிளாக் பண்ணி வெச்சுட்டாங்க’ என்றால் அது தடுப்பு, அதாவது மற்றவருக்குக் கிடைக்காமல் முடக்கி வைப்பது. இரண்டும் ஒரே தியேட்டர் வாசலில் நடக்கலாம் என்பது வேறு விஷயம்.

கட்சிப் பெயர்களிலும் ஒரு பிளாக் உண்டு. சுபாஷ் சந்திர போஸ் 1939இல் தொடங்கியது பார்வர்டு பிளாக். தமிழ்நாட்டில் அதன் முகமாக இருந்தவர் முத்துராமலிங்கத் தேவர். இது கறுப்பும் அல்ல, தடுப்பும் அல்ல. பலர் அல்லது பல கட்சிகள் ஒன்றாக நிற்கும் அணி. இதே மரக்கட்டைச் சொல்தான், பிரெஞ்சு எழுத்துமுறையோடு அரசியலுக்கு வந்திருக்கிறது. ‘இந்தியா பிளாக்’ என்று கூட்டணியைச் சொல்வதும் இதே பொருளில்தான்.

தியேட்டர் வாசலில் கேட்கும் ‘பிளாக்பஸ்டர்’ கதை கொஞ்சம் கொடூரமானது. இரண்டாம் உலகப் போரில் ஒரு தெருத்தொகுதியையே, அதாவது ஒரு பிளாக்கையே தரைமட்டமாக்கும் பெரிய குண்டுகளுக்கு வைத்த பெயர் அது. பிறகு அது வசூலில் வெடிக்கும் படங்களுக்கு வந்தது.

விலாசத்தில் பிளாக்

நாலு தெருவுக்கு நடுவே இருக்கும் கட்டடத் தொகுதியை பிளாக் என்று சொல்வது அமெரிக்காவில் பரவிய வழக்கம். திட்டமிட்டுக் கட்டிய நம்மூர் நகரங்களிலும் அது இருக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்பில் விலாசமே பிளாக் எண்தான். சென்னை அண்ணா நகரில் ஆங்கில எழுத்துகளின் பெயரில் பிளாக்குகள் உண்டு. நகர நில ஆவணங்களில் வார்டு எண், பிளாக் எண், டவுன் சர்வே எண் என்று மூன்றும் வரும். அந்த பிளாக் எண்ணுக்கும் பிளாக் ஆபீஸுக்கும் தொடர்பு இல்லை. பத்திரம் பதியும்போது பிளாக் எண் மாறிப்போனால் சொத்து விவரமே தப்பாகிவிடும். சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ரயிலிலும் ஒரு பிளாக்

ஐந்து திசைகளில் ரயில் பிரியும் விழுப்புரம் ஜங்ஷனில் ‘லைன் பிளாக்’ என்ற சொல் பயணிகளுக்கும் பழக்கம். பராமரிப்பு வேலைக்காக ஒரு பாதையைக் குறிப்பிட்ட நேரம் மூடிவைப்பது லைன் பிளாக். ரயில் ரத்து, தாமதம் என்ற அறிவிப்புகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இது இருக்கும். ரயில்வேயில் இன்னொரு பொருளும் உண்டு. இரண்டு நிலையங்களுக்கு இடையிலான பாதை ஒரு ‘பிளாக் செக்ஷன்’. ஒரு ரயில் அதற்குள் இருக்கும்போது அதே பாதையில் இன்னொன்றை விடக்கூடாது என்பது அடிப்படை விதி. ஒரே துறையில் பிளாக் துண்டாகவும் இருக்கிறது, தடுப்பாகவும் இருக்கிறது.

போன் பிளாக், கார்டு பிளாக்

ஒருவர் நம்பரை பிளாக் செய்தால் அவர் அழைப்பு நமக்கு வராது. அவ்வளவுதான். போன் தொலைந்தால் செய்ய வேண்டியது மூன்று தனித்தனி பிளாக்:

* சிம் பிளாக்: மொபைல் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். ஓ.டி.பி. வேறொருவர் கைக்குப் போகாமல் தடுப்பது இதுதான்.
* கார்டு, யூபிஐ பிளாக்: வங்கியிடம் சொல்ல வேண்டும். பணம் ஏற்கனவே போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.
* போனையே பிளாக் செய்வது: போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். வேறு சிம் போட்டாலும் அந்த போன் இந்திய நெட்வொர்க்கில் வேலை செய்யாது. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள *#06# டயல் செய்யலாம். ஆனால் போன் கையில் இருக்கும்போதே செய்து, வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்தால்தான் பயன்.

இதில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு ‘எல்லாத்தையும் பிளாக் பண்ணியாச்சு’ என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. சிம்மை பிளாக் செய்தால் கார்டு தானாக பிளாக் ஆகாது.

கடைசியாக, படிவத்தில்

அரசு விண்ணப்பங்களில் ‘பிளாக் லெட்டரில் நிரப்பவும்’ என்று இருந்தால், ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்க்காமல் தனித்தனியாக, பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று பொருள். அதே படிவத்தில் கொஞ்சம் கீழே ‘பிளாக்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே எழுத வேண்டியது ஊராட்சி ஒன்றியத்தின் பெயர். பக்கத்திலேயே ‘தாலுகா’ என்றும் கேட்டிருக்கும். காணை ஒன்றியத்துக்காரர்கள் முதல் கட்டத்தில் ‘காணை’ என்று எழுதலாம். இரண்டாவது கட்டத்தில் எழுதக்கூடாது. அதற்கான பதில் வீட்டுப் பட்டாவிலேயே ‘வட்டம்’ என்ற இடத்தில் அச்சாகியிருக்கும்.